வீட்டுச் சுரைக்காய்: திடீர்ச் சாப்பாட்டியலுக்கு ஒரு பதவுரை

மூலபாடம்

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை காலை 10.45 மணிக்குப் பாளையங்கோட்டையில், ஒரு கைப்பேசியில் செவிவழியாகக் கிடைத்த பாடம் இது:

"ஏட்டி, வீட்லதான இருக்க? நவதிருப்பதிக்கு வந்தோம். நாலு கோயில் முடிஞ்சிட்டு. மத்ததுக்கு நடை தொறக்கச் சாயங்காலம் ஆயிரும். அதான், ஒன்னைய ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்னு. மூணு பேருதான். சும்மா இருக்கிறதை வச்சு ஒரு வாய் சோறு போதும். ஒண்ணும் மெனக்கெடாத, கேட்டியா?"

பேசியவர் ஆய்வாளரின் கல்லூரித் தோழி. பேசிய இடம் தாமிரபரணிக் கரையில் ஏதோ ஒரு பெருமாள் கோயில் வாசல். ஓலையில் வந்த பாடம் அல்ல என்பதால் செல்லரிப்பு இல்லை. ஆனால் 'மூணு பேருதான்' என்பதை அடுத்துச் சிக்னல் போய், ஒரு சொல் சிதைந்துவிட்டது. அச்சொல் 'டிரைவர்' என்பது பிற்பகல் 1.20 மணிக்குத்தான் தெரியவந்தது.

31 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பதவுரையும் பொழிப்புரையும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவளுக்கு, உரை எழுத ஒரு மூலம் இல்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தது. பெரிய நூல்களுக்கெல்லாம் பெரியவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். இந்த எட்டு வரிக்கு மட்டும் இதுவரை யாரும் உரை காணவில்லை. தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு வீட்டில் தினமும் ஓதப்படுகிற பாடமாக இருந்தும் இந்த நிலை.

முன்னோர் மொழிந்தவை

இத்துறையின் மூல நிகழ்வு இளையான்குடியில் நடந்தது. சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்திருக்கிறார். மழை பெய்கிற ராத்திரி. வீட்டில் அரிசி இல்லை. அடியார் வேடத்தில் சிவனே வாசலில் நிற்கிறார். மாறனார் இருட்டில் வயலுக்குப் போய், பகலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டு வருகிறார். விறகு இல்லை என்றதும் கூரை வரிச்சை அறுத்துத் தள்ளுகிறார். கறிக்கு என்ன செய்ய? கொல்லையில் இன்னும் தலையெடுக்காத குருத்துக் கீரையைப் பறித்துக் கொடுக்கிறார். அதை வைத்து அவர் மனைவியார் பல வகைக் கறி ஆக்கிவிடுகிறார்.

எல்லோரும் விதைநெல்லில் கண்கலங்குவார்கள். ஆய்வாளருக்குக் கண் கீரையில்தான் நிற்கிறது. ஒரு குருத்துக் கீரையில் பல கறி! எதை மசித்தார், எதை வதக்கினார், தண்டைத் தனியாக எடுத்தாரா, தாளிக்க எண்ணெய் இருந்ததா? ஒரு விவரமும் நமக்கு வந்துசேரவில்லை. 63 பேர் பட்டியலில் நெல் வாரிய கணவருக்கு இடம் கிடைத்தது. உண்மையான ஆராய்ச்சி அடுப்படியோடு போயிற்று. இந்தத் துறையில் இது புதிதல்ல.

சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு சான்று உண்டு. நல்லியக்கோடனைப் பாடிய நத்தத்தனார் காட்டும் பாணன் வீட்டில், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அந்தக் கதவு இன்றுவரை சாத்தியே இருக்கிறது. விருந்தாளி அடுப்படிப் பக்கம் வரும்போது பிரிட்ஜின் கீழ்த்தட்டை நாம் சேலையாலும் இடுப்பாலும் மறைத்துக்கொண்டு நிற்கிறோமே, அது அந்தக் கதவுதான்.

விருந்தாளி தரப்பிலிருந்து இரண்டு ஆவணங்கள். ஔவைக்குப் புல்வேளூர்ப் பூதன் இட்டது வரகரிசிச் சோறு, கத்தரிக்காய் வாட்டல், புளித்த மோர் ஆகிய மூன்றுதான். அதற்கு உலகம் முழுவதையும் விலையாகச் சொன்னார் ஔவை. நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் சோறு வரத் தாமதமானதற்கு வசைப்பாட்டுக் கட்டியவர் காளமேகம். ஔவை மாதிரி ஆட்கள் போன் செய்யாமலே வரலாம். காளமேகம் மாதிரி ஆட்கள் முதல்நாளே சொல்லிவிட்டு வருவது எல்லோருக்கும் நல்லது.

அச்சு நூல்களில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. என் கல்யாணத்தில் குத்துவிளக்கோடு அதுவும் சீராக வந்தது. குறை சொல்ல முடியாத நூல். ஆனால் எந்தச் சமையல் நூலும் 'இவ்வளவு எடுத்துக்கொள்' என்றுதான் தொடங்கும். நம் துறை 'எவ்வளவு கிடக்கு, பாரு' என்று தொடங்குகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி சொன்னவர் இந்த வேறுபாட்டை உணர்ந்தவராகவே இருக்க வேண்டும். சுரைக்காய்க்குப் பின்னால் வருகிறேன்.

"மூணு பேருதான்"

'தான்' என்பது தேற்றப்பொருளில் வரும் என்று இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சாப்பாட்டுச் சூழலில் அது ஐயப்பொருளையே தரும் என்று இப்போது திருத்திக்கொள்கிறேன். சொன்ன எண்ணோடு இரண்டைக் கூட்டினால் வருகிற எண் வரும். இது விதி. அந்த இரண்டில் ஒருவர் வண்டி ஓட்டுகிறவர். அவரை யாரும் எண்ணுவதில்லை. இன்னொருவர் வழியில் ஏறிக்கொண்டவர். இம்முறை அவர் தோழியின் சம்பந்தியம்மா.

ஆக ஐந்து பேர். வீட்டில் நாங்கள் இருவர். ஏழு வாய்க்கு மூன்று உழக்கு அரிசி. நாலு உழக்கு ஒரு படி என்பது வாய்பாடு. என் வீட்டு உழக்கு மாமியார் காலத்தது. ஒருமுறை கிணற்றடியில் விழுந்து இடுப்பு நசுங்கியதிலிருந்து கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். அந்தக் குறை தெரியுமாதலால் ஒவ்வொரு உழக்குக்கும் மேலே ஒரு கைப்பிடி போடுவது வழக்கம். என் கைப்பிடி எவ்வளவு என்பது உழக்கின் நசுங்கலைப் பொறுத்தது. இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொள்வதால் அளவு சரியாக இருக்கிறது. துல்லியம் என்பதே இரண்டு பிழைகள் பேசிவைத்துக்கொள்வதுதான் போலும்.

"இருக்கிறதை"

இது இரண்டாம் வேற்றுமை விரிந்து நிற்பது. எது இருக்கிறதோ அதை. எது இருந்தது?

காய்க்கூடையைத் தரையில் கவிழ்த்தேன். நாட்டுக் கத்தரிக்காய் நாலு. அதில் ஒன்றுக்குக் காம்போரத்தில் பூச்சித் துளை. பாதிப் புடலங்காய். முருங்கைக்காய் இரண்டு. வாழைக்காய் ஒன்று. ஒரு பிடி சீனியவரைக்காய் (வடக்கே கொத்தவரங்காய் என்பார்கள்), அதிலும் பாதி முற்றல். கேரட் ஒன்று, வளைத்தால் வளைகிற பதத்தில். இவற்றுக்கு நடுவில், கைக்குழந்தையைத் தூக்கி வைத்தது போல, இரண்டு கிலோவுக்குக் குறையாத ஒரு சுரைக்காய்.

சுரைக்காயை நான் வாங்கவில்லை. அது எனக்கு வாய்த்தது. மகாராஜநகர் உழவர் சந்தையில் புதன்கிழமை நடந்த உரையாடல்:

"டீச்சர், சுரைக்கா கொண்டுபோங்க."

"ரெண்டு பேருக்கு இவ்ளோ பெரிய சுரைக்கா எதுக்கும்மா?"

"யாராச்சும் வருவாவ டீச்சர். புரட்டாசில்லா? ஆடியில போட்டது, இப்பம் பந்தல் தாங்கல. நகத்த வச்சுக் குத்தாதீங்க, பிஞ்சுதான்."

அந்த அம்மா பருவவியல் முழுவதையும் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எல்லோருக்கும் தெரியும். விதைத்தது எப்போது வந்து நம் கூடையில் உட்காரும் என்பதுதான் அடுப்படிக்கு முக்கியம். வெண்டை ஒன்றரை மாதத்தில் வந்துவிடும். சுரை இரண்டு மாதம் எடுக்கும். புடலை கொஞ்சம் பொறுத்து வரும். ஆக ஆவணிக் கடைசியிலிருந்து கொடிக்காய்களின் ஆட்சிதான். அதே நேரத்தில் மீனையும் கறியையும் ஒதுக்கிவிட்டு ஊர்ப்பாதி காய்க்கடைக்கு வருகிறது. கொடியும் விரதமும் ஒரே மாதத்தில் சந்தித்துக்கொள்ளும்படி யார் ஏற்பாடு செய்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. என் தோழிகள் மற்ற 11 மாதமும் மீன் குழம்புக்குக் கொடி பிடிக்கிறவர்கள். அவர்கள் என் வீட்டுச் சைவச் சோற்றைத் தேடி வருவது புரட்டாசியில் மட்டும்தான். இதில் எனக்கு வருத்தமில்லை. கத்தரிக்காயும் வருடம் முழுக்க ஒரே மாதிரி நம்மை மதிப்பதில்லையே.

உழவர் சந்தைகள் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கின. அதனால் ஆய்வாளருக்கு ஏற்பட்ட பெரிய நன்மை விலைப்பலகை அல்ல. காயை விளைவித்தவரே விற்கவும் நிற்பதால் 'எப்பம் போட்டது' என்று கேட்கலாம். கேட்டால் பதிலும் வரும்.

கேரட்டை ஆய்விலிருந்து விலக்கினேன். அது வாடியிருந்தது ஒரு காரணம். வருடம் முழுக்கக் கிடைப்பதால் அதற்குப் பருவம் என்கிற ஒழுக்கம் இல்லை என்பது இன்னொன்று. என் மாமியார் அதையும் பீன்ஸையும் முட்டைக்கோஸையும் சேர்த்து 'இங்கிலீஷ் காய்' என்பார். ஏதோ வேலைக்கு வந்த வெளியூர்க்காரரைக் குறிப்பிடுகிற தொனியில்தான் சொல்வார்.

இங்கே சொல்லாராய்ச்சி ஒன்று குறுக்கிடுகிறது. கையில் இருப்பதை வைத்துக் காரியம் நடத்துவது அடுப்படியின் குணம் மட்டும் அல்ல, நம் மொழியின் குணமும்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த காரக் காய்க்குப் பெயர் தேடவேண்டிய நேரத்தில், அஞ்சறைப்பெட்டியில் இருந்த மிளகை எடுத்து, பக்கத்தில் ஒரு காயைச் சேர்த்து மிளகாய் என்று தாளித்துவிட்டார்கள். மெக்சிகோப் பக்கத்துச் சௌசௌ வந்தது. அதற்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்று பெயர். அது பெங்களூரும் அல்ல, கத்தரிக்காயும் அல்ல. இருந்த இரண்டு சொல்லை வைத்து விருந்தாளியைச் சமாளித்த கதை அது.

'இருக்கிறது' என்பதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியும் உண்டு. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் ஜாடிகளைச் சொல்கிறேன். சித்திரை மாங்காயை உப்பில் போட்டுக் காயவைத்த மாவத்தல், தையில் மலிந்த சீனியவரைக்காயின் மோர் வத்தல், சுண்டை வத்தல், நாரத்தங்காய். பருவத்தை வெயிலில் காயவைத்துச் சேமிக்கும் ஆவணக் காப்பகம் இது. மற்ற ஆவணக் காப்பகங்களைப் போலவே, இங்கேயும் தேடும்போது எதுவும் கிடைக்காது. எது எந்த ஜாடி என்று எழுதி ஒட்டிய சீட்டுகளை எறும்பு தின்றுவிட்டது.

"வச்சு"

செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். முடிக்கும் வினையை நாம்தான் கொண்டுவர வேண்டும். இங்கே அவ்வினை கூட்டாஞ்சோறு.

திருநெல்வேலிச் சொதி ஏன் இல்லை என்று கேட்கலாம். தேங்காயை மூன்று முறை பிழிந்து பால் எடுக்கிற சொதி, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைப்பது. அது முன்னேற்பாட்டுச் சமையல். நம் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறது. கூட்டாஞ்சோறோ கூடையில் கிடக்கிற எல்லாக் காயையும் அரிசி பருப்போடு ஒரே பானையில் போட்டுக் கிளறுவது. பத்துக் காயில் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி இருந்தால் அதுவே அதன் இலக்கணம். குழந்தைகள் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடுவார்களே, பெயர் அங்கேயும் இதுதான்.

முதல் வேலை சுரைக்காயைக் கீறி ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுரைக்காயில் சில சமயம் குக்கர்பிட்டசின் என்கிற கசப்புச் சரக்கு ஏறிவிடும். அது விஷம். வேகவைத்தாலும் போகாது. கசந்தால் மறுபேச்சில்லாமல் குப்பைக்குத்தான். இது கசக்கவில்லை. தண்ணீர் தண்ணீராக, லேசான இனிப்போடு, ஒரு கருத்தும் இல்லாமல் இருந்தது. சுரைக்காயின் பெருமை அதுதான். பானையில் யார் என்ன பேசினாலும் ஒத்துக்கொள்ளும்.

இளையான்குடி அம்மையாரை நினைத்துக்கொண்டு அதை மூன்றாக்கினேன். தோலைத் தடிமனாகச் சீவித் துவையலுக்கு வைத்தேன். சதையில் பாதியைப் பானைக்கு ஒதுக்கினேன். மீதிப் பாதியைப் பொடியாக நறுக்கி வேகவைத்துத் தயிரில் போட்டுப் பச்சடியாக்க முடிவு. நடுவிலிருந்த பஞ்சையும் விதையையும் கூடத் துவையல் சட்டியில் வதக்கிவிட்டேன். வெளியே போனது காம்பு மட்டும்தான். ஒரு காய், மூன்று வெஞ்சனம். அம்மையாரின் எண்ணிக்கையை எட்டியிருக்க மாட்டேன். அவருக்குக் கூரை வரிச்சை அறுத்துக் கொடுக்க ஆள் இருந்தார். எனக்கு வாய்த்தவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பானைக்குள் காய்கள் போகும் வரிசைக்கு ஒரு தர்க்கம் உண்டு. அது சபை மரியாதை மாதிரி. துவரம்பருப்பு முதலில் தனியாகப் பாதி வேகணும். அடுத்து அரிசியும் சீனியவரையும் வாழைக்காயும். அவை கொஞ்சம் இளகியபின் முருங்கை, கத்தரி. கடைசியில் புடலையும் சுரையும். இந்த இரண்டும் ஆவி பட்டாலே அழுதுவிடும். புளித்தண்ணீரை எப்போது ஊற்றுவது என்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். புளிப்பு சேர்ந்தால் காயின் திசுக்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரையாது. பருப்பும் முரண்டு பிடிக்கும். எல்லாம் முக்கால் பதம் வெந்தபிறகு ஊற்றினால் காய் உருக்குலையாமல் நிற்கும். முந்தி ஊற்றினால் சீனியவரை சாயங்காலம் வரைக்கும் சீனியவரையாகவே இருக்கும்.

புளி எவ்வளவு? சமையற்கட்டின் அளவைகள் இரண்டு, நெல்லிக்காயளவும் எலுமிச்சையளவும். எலுமிச்சை கோடையில் விலை ஏறி ஆள் சிறுத்துப்போகும். மழைக்குப் பின் கொழுகொழுவென்று வரும். அப்படியானால் பங்குனிக் குழம்பில் புளி குறைந்து, மார்கழிக் குழம்பில் கூட வேண்டும். நான் 40 வருடமாக ருசி பார்த்ததில் அப்படி நடக்கவில்லை. ஆகவே 'எலுமிச்சையளவு' என்பதில் எலுமிச்சை எந்த எலுமிச்சையையும் குறிக்கவில்லை. அது மனத்தில் உள்ள ஓர் எலுமிச்சை. கூட்டாஞ்சோற்றுக்கு அதில் பாதி.

அரைப்புக்குத் தேங்காய், மிளகாய் வத்தல், சீரகம், மஞ்சள். நியாயமாகப் பார்த்தால் சின்ன உள்ளியும் நாலு பல் பூண்டும் போகணும். இங்கேதான் பெரிய சிக்கல். மூவரில் ஒருத்தி புரட்டாசிச் சனிக்கிழமை உள்ளி தொடமாட்டாள். இன்னொருத்திக்கு உள்ளியில்லாத கூட்டாஞ்சோறு நோயாளிக் கஞ்சி. சமய வரலாற்றில் இதைவிடச் சிறிய காரணங்களுக்காகப் பிரிவுகள் தோன்றியிருக்கின்றன. நான் கண்ட சமரசம் இது: அரைப்பில் உள்ளிக்குப் பதில் பெருங்காயம். உள்ளியைப் பொடியாக அரிந்து நல்லெண்ணெயில் பொன்னிறமாகத் தாளித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். வேண்டாதவர் அதன் வாசனையை மட்டும் அனுபவிக்கலாம், அது விரதத்தில் சேராது. உள்ளி தொடாதவள் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்து நாற்காலியைத்தான் பிடித்தாள்.

1.20க்கு வண்டி வந்தது. கை கால் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே, அடுப்படி நிலையில் ஒரு பையன் தயங்கிக்கொண்டு நின்றான். தண்ணீர் கேட்க வந்தவன். சிதைந்த பாடத்தின் சொல் இவன்தான். சொம்பை வாங்கிக்கொண்டவன் பானையைப் பார்த்தான்.

"எக்கா, கூட்டாஞ்சோறா?"

"ஆமா தம்பி."

"மாங்கா போடலியா? எங்க ஆச்சி போடுவா."

புரட்டாசியில் மாங்காய்க்கு எங்கே போவது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். காப்பகம்! மேல்தட்டில் மூன்றாவது ஜாடி. முதலில் எடுத்தது சுண்டை வத்தல், அடுத்தது என்னவென்றே தெரியவில்லை, மூன்றாவது மாவத்தல். ஒரு கை எடுத்து வெந்நீரில் அலசி, பானையில் போட்டு, மேலே இரண்டு பிடி முருங்கைக்கீரையைத் தூவி மூடினேன். ஐந்து மாதம் முந்தைய சித்திரை புரட்டாசிக்குள் இறங்கியது. அந்தப் பையன் பேரை நன்றியுரையில் போட நினைத்தேன். போடாதீங்க என்று சொல்லிவிட்டான்.

"சும்மா", "மெனக்கெடாத"

'மெனக்கெடு' என்பது 'வினைக்கெடு' என்பதன் திரிபு. செய்துகொண்டிருந்த வினையைக் கெடுத்துக்கொண்டு இன்னொன்றில் இறங்குவது. ஆக 'மெனக்கெடாதே' என்றால் 'எனக்காக உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே' என்று பொருள். அழகான சொல், மனிதத்தன்மை உள்ள சொல். ஆனால் அதைச் சொன்ன பிறகு எந்த வீட்டில் எந்த வேலை கெடாமல் இருந்திருக்கிறது? அன்றைக்கு என் வேலைத்திட்டத்தில் துணி மடிப்பதும், இரண்டு மணிக்கு ஒரு தூக்கமும் இருந்தன.

நச்சினார்க்கினியர் பாட்டில் எட்ட நிற்கிற சொற்களை எடுத்துச் சேர்த்துப் பொருள் சொல்வதில் பேர்போனவர். அவர் வழியில் இந்தப் பாடத்தின் சொற்களை இடம் மாற்றிக் கூட்டினால் இப்படி வரும்: 'இருக்கிறதை வச்சு மெனக்கெடு, சும்மா சொன்னேன், ஒரு வாய் போதும்னு.' வேறு எந்த உரையாசிரியரும் இந்த இடத்தில் சரிப்பட்டு வர மாட்டார்.

இலை போட்டதும் நடந்ததைப் பதிவுசெய்கிறேன். துவையல், பச்சடி, அப்பளம், சீனியவரை வத்தல், நடுவில் ஆவி பறக்கக் கூட்டாஞ்சோறு.

"என்னட்டி இது, இவ்வளவு பண்ணிருக்க! ஒண்ணும் மெனக்கெடாதன்னு சொன்னம்லா?"

"எங்க மெனக்கெட்டேன்? எல்லாம் சும்மா இருந்ததை வச்சுதான்."

அவள் சொன்னது பொய். நான் சொன்னதும் பொய். தேங்காய் வீட்டில் இல்லை, வீட்டுக்காரர் பேப்பரை வைத்துவிட்டு முக்குக் கடைக்குப் போய் வாங்கிவந்தார். அப்பளத்துக்கு இரண்டாவது நடை. தயிருக்கு மூன்றாவது. மூன்றாவதில் அவர் முகம் காளமேகத்தின் முகமாகிவிட்டது. இந்த விவரங்கள் விருந்தாளிகளுக்கு மறைக்கப்பட்டன. இரண்டு பொய்க்கும் நடுவில், பச்சடிக் கிண்ணத்தில் அந்தச் சுரைக்காய் மட்டும் ஆடியில் போட்டது ஆடியில் போட்டதாகவே உட்கார்ந்திருந்தது. சம்பந்தியம்மா இரண்டாம் முறை துவையல் வாங்கியபோது "இது என்ன துவையல்?" என்று கேட்டார். "பீர்க்கங்காய்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. தோலைப் போட்டேன் என்று சொல்லச் சம்பந்தியம்மா முன்னால் நாக்கு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுசோதனை

ஓர் ஆய்வு முடிவை இன்னொருவர் செய்து பார்த்தும் அதே முடிவு வரவேண்டும் என்பது அறிவியல் மரபு. திங்கட்கிழமை தோழி போன் செய்து அளவு கேட்டாள். அரிசி மூன்று உழக்கு என்றேன். "ஒன் உழக்கா, எங்க உழக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. கைப்பிடிக் கணக்கைச் சொன்னபோது அவள் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை செய்திருக்கிறாள். பருப்பு கடைசி வரை கண் திறக்கவில்லையாம். அவள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கால்சியம் ஏறிய உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. எங்கள் குழாயில் வருவது தாமிரபரணி. போதாக்குறைக்குப் புளியையும் முந்தியே ஊற்றியிருக்கிறாள். "ஒன்னுது மாதிரி வரலட்டி" என்றாள். நான் சொல்லவில்லை, ஆனால் வியாழக்கிழமை நானும் செய்து பார்த்தேன். எனக்கும் என்னுடையது மாதிரி வரவில்லை. அந்த வாரச் சுரைக்காய் வேறு பந்தல். முருங்கைக்காய் உள்ளே சதையில்லாமல் நார் மட்டும். பூச்சித் துளை விழுந்த கத்தரிக்காய்க்கு அப்படி ஒரு ருசி இருந்திருக்கிறது என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது.

"அப்பம் சனிக்கிழமை நாங்களே வந்திருதோம். மூணு பேருதான். ஒண்ணும் மெனக்கெடாத."

விதிப்படி ஐந்து பேருக்கு அரிசி களைந்தேன். உள்ளியைத் தனிக் கிண்ணத்தில் தாளித்து வைத்தேன். மாவத்தலை இந்த முறை மறக்காமல் முதலிலேயே ஊறப்போட்டேன். ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் அவள் ஒருத்திதான் வந்து இறங்கினாள். ஒருத்தி பேரனுக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்டாளாம். உள்ளி தொடாதவளுக்கு வேறெங்கோ விருந்தாம். விதி உடைந்தது. மூன்று உழக்குச் சோறு, மூன்று பேர்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸை விட்டுவிட்டு அவள் ராத்திரியும் தங்கினாள். ஒன்பது மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்து, மத்தியானம் மிஞ்சி இறுகிக் கிடந்ததைப் பானையோடு நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு கரண்டியாகச் சுரண்டித் தின்றோம். மாவத்தல் இப்போதுதான் நன்றாக ஊறி இளகியிருந்தது. அடியில் லேசாகப் பிடித்த பகுதி அதைவிட நன்றாக இருந்தது.

"இதுல என்னட்டி போட்ட?" என்றாள்.

வாய் நிறையச் சோறு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.